ஆலைச் சாலையில் நின்ற லோரி: பாடாங் செராய் விபத்து வழக்கு ஒன்றின் முழு விவரம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது தோட்டக் கணக்கராக, வேலை பார்த்தேன். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதும், செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதுவதும், லோரிச் சிட்டை போடுவதும்தான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் யாராவது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, 'இதில் என்ன போட்டிருக்கு, பாருங்க' என்று கேட்பார்கள். அப்படித்தான் இந்த வழக்கு என் வீட்டு வாசலுக்கு வந்தது. இரண்டரை ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்தோடு நடந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யார் பெயரையும், எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சட்டமும் கணக்கும் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கும்.

அன்று காலை

2022 நவம்பர். காலை ஆறேகால் மணி. கெடாவில் அந்த மாதத்தில் ஏழு மணிக்குத்தான் வெளுக்கும். செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகும் சாலையில் விளக்குக் கம்பம் கிடையாது. செம்பனைக் குலை வெட்டும் முப்பத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவர், வீட்டிலிருந்து பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சாலையோரத்தில் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. அதன் பின் சக்கரம் பாதி தார் மேல். அவர் அதன் பின்புறத்தில் மோதினார். கூலிம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பின்னால் இருபது நிமிடம் கழித்து வந்த உடன் வேலையாள் ஒருவர் கைப்பேசியில் ஐந்து படம் எடுத்தார். அவர் எதையும் யோசித்து எடுக்கவில்லை, மண்டோருக்கு, அதாவது மேற்பார்வையாளருக்கு, அனுப்பத்தான் எடுத்தார். அந்தப் படங்களில் மூன்று விஷயம் தெரிந்தது: லோரியின் பின்விளக்கு எரியவில்லை, எச்சரிக்கை முக்கோணம் வைக்கப்படவில்லை, பின்பலகையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை சேறு படிந்து மறைந்திருந்தது.

போலீஸ் விசாரணை முடிவு சில மாதத்தில் வந்தது. பின்னால் வந்து மோதியவர் முன்னால் உள்ளதைக் கவனிக்கவில்லை, லோரி ஓட்டுநர் மேல் நடவடிக்கை இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்த நாளில் குடும்பமே உட்கார்ந்துவிட்டது. 'போலீஸே அவர் மேல தப்புன்னு சொல்லிட்டாங்க, இனி என்ன இருக்கு, அண்ணே?' என்று இறந்தவரின் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, கேட்டது.

இந்த இடத்தில்தான் நம் ஆட்களில் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். போலீஸ் பார்ப்பது குற்ற வழக்கை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக ஒருவரைக் குற்றவாளியாக்கினால், 2020 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு சிறை, பத்து ஆண்டு வரை போகலாம், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. அப்படிப்பட்ட தண்டனைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும். இழப்பீட்டு வழக்கு வேறு. அங்கே நீதிபதி பார்ப்பது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை. போலீஸ் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது. போலீசிடம் இருந்து நமக்கு வேண்டியது முடிவுக் கடிதம் அல்ல, அவர்களிடம் இருக்கும் மற்ற தாள்கள்: புகார்கள், சம்பவ இடத்தின் வரைபடம், அதன் அளவுக் குறிப்பு, புகைப்படங்கள். பணம் கட்டி விண்ணப்பித்தால் கிடைக்கும். வரைபடத்தில் லோரியின் வலது பின்சக்கரம் சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே எவ்வளவு தூரம் இருந்தது என்று அளந்து எழுதியிருந்தார்கள். முடிவுக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள்

காரியம் முடிவதற்கு முன்பே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

ஒருவர் லோரி முதலாளியின் ஆள். உறையில் 5,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். 'உதவியா வச்சுக்கோம்மா' என்று சொல்லிவிட்டு, மலாயில் தட்டச்சு செய்த ஒரு பக்கத் தாளில் கையெழுத்துக் கேட்டார். வீட்டில் இருந்த தம்பி, அதாவது இறந்தவரின் தம்பி, டிப்ளோமா படிப்பவன், அதைப் படித்துப் பார்த்துவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசி வரியில் 'பெனுஹ் டான் முக்தாமட்' என்று இருந்தது. முழுமையானது, இறுதியானது. வாங்கியிருந்தால், அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அந்தத் தாளை வைத்து நாளை எதிர்த்தரப்பு வாதாடும். உறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலை வைக்கக் காசில்லாத வாரத்தில் 5,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

இன்னொருவர் தரகர். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, 'ஒரு காசு தர வேண்டாம், ஜெயிச்சா மட்டும் பங்கு கொடுத்தா போதும்' என்றார். மலேசியாவில் வழக்கறிஞர் அப்படி ஒப்பந்தம் போடக்கூடாது. வென்றால் மட்டும் கூலி என்ற ஏற்பாட்டை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. ஆள் பிடித்து வழக்குச் சேர்ப்பதும் அவர்கள் தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம். நல்ல வழக்கறிஞரிடம் போய், கட்டணம் எப்படி, நீதிமன்றச் செலவு யார் கட்டுவது, போலீஸ் தாளுக்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் சுங்கை பட்டாணியில் ஒரு இளைஞரிடம் போனோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன். அந்தத் தங்கச்சியை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார். முதல் நாளே அவர் கேட்ட கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது: 'அக்கா, கல்யாணம் பதிஞ்சிருக்கீங்களா?'

இவர்கள் 2009இல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். 2015இல் மகன் பிறந்தபோதுதான் பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிந்தார்கள். அந்த ஒரு பயணம் காப்பாற்றியது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்து பதியப்படாத கோயில் கல்யாணத்தை வழக்கில் எதிர்த்தரப்பு கண்டிப்பாகக் கிளப்பும். மனைவி மனைவியே இல்லை என்பார்கள். நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால் பதியாத பெண் தன் துக்கத்தோடு இந்தச் சண்டையையும் சுமக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. தகப்பன் இவர்தான் என்று காட்ட முடிந்தால், திருமணம் பதியாவிட்டாலும் சட்டம் அவர்களைப் பிள்ளைகளாகவே கணக்கில் எடுக்கும். நம் தோட்டப்புறங்களில் இன்னும் எத்தனையோ தம்பதிகள் கோயில் படத்தை மட்டும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

யாருடைய லோரி?

லோரிக் கதவில் தோட்டக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது. மண்டோர் முதல் கடைக்காரர் வரை எல்லாரும் 'தோட்டத்து லோரிதான், அதனால் கேஸ் போட முடியாது, சொக்சோ பணத்தோடு சரி' என்றார்கள். பாதி உண்மை, ஆபத்தான பாதி.

சொக்சோ, மலாயில் பெர்கேசோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்; 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேறெங்கும் விலகாமல் போகும்போது நடந்த விபத்தும் வேலை விபத்துதான். ஆக இந்தக் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. இறந்தவரின் சராசரி நாள் சம்பளமாகப் பதிவில் உள்ளதில் 90 விழுக்காடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. தோட்ட ஆபீஸ் விபத்து அறிக்கையை அனுப்ப வேண்டும், வீட்டிலிருந்து பெரட்டுக்களம் வரை பாதை வரைந்து கொடுக்க வேண்டும். அந்த வரைபடத்தை நானே போட்டுக் கொடுத்தேன். இது சில மாதத்தில் ஆரம்பித்துவிட்டது, குடும்பம் மூச்சு விட்டது.

அதே சட்டத்தின் 31ஆம் பிரிவுதான் மற்றப் பாதி. வேலை விபத்துக்கு பெர்கேசோவில் காப்புள்ள தொழிலாளியோ அவர் குடும்பமோ, அதே முதலாளி மேலும் அவருடைய மற்ற வேலையாட்கள் மேலும் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. லோரி உண்மையிலேயே தோட்டக் கம்பெனியுடையதாக இருந்து, ஓட்டுநரும் அதே கம்பெனி ஆளாக இருந்திருந்தால், ஊரார் சொன்னது சரியாகப் போயிருக்கும்.

வழக்கறிஞர் ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார். பதிவுப்படி உரிமையாளர் ஒரு போக்குவரத்து நிறுவனம். தோட்டத்துக்குக் குத்தகைக்கு ஓடும் லோரி. கதவில் உள்ள பெயர், குத்தகையில் கேட்டதால் எழுதியது. கதவு திறந்தது, அப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்பின் மேல் வழக்குப் போட 31ஆம் பிரிவு தடை இல்லை. பெர்கேசோ ஒரு பக்கம் ஓடும், வழக்கு ஒரு பக்கம் ஓடும்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் இன்னும் ஆறவில்லை. அந்தச் சாலையில் லோரிகள் இரவெல்லாம் நிற்பதற்குக் காரணம் ஆலையின் வரிசை. ஆலை தோட்டக் கம்பெனியுடையது. அதாவது முதலாளியுடையது. அதனால் ஆலையை வழக்கில் சேர்க்க முடியவில்லை. வரிசையைச் சாலையில் நிற்க வைத்தவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டியவர், நம் ஆள்தான், பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். போக்குவரத்து நிறுவனம் பதில் மனுவில், 'அவர் எங்கள் தொழிலாளி இல்லை, நடைக்கு இவ்வளவு என்று வாங்கும் தனி ஆள்' என்றது. மாதச் சம்பளம் இல்லை, சேமநிதி கட்டவில்லை என்று காட்டினார்கள். இப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது இந்தத் தொழிலில் சகஜம். ஆனால் லோரி நிறுவனத்துடையது, ஏற்றியது நிறுவனம் எடுத்த குத்தகைச் சரக்கு, போனது நிறுவனம் சொன்ன ஆலைக்கு. உரிமையாளரின் வேலைக்காக, அவர் அனுமதியோடு வண்டியை ஓட்டுபவர் செய்யும் கவனக்குறைவுக்கு உரிமையாளரும் பொறுப்பு. சம்பளச் சீட்டு இருக்கிறதா என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. ஓட்டுநரையும் நிறுவனத்தையும் சேர்த்தே வழக்கில் போட்டார்கள். 'என் வீட்டை எடுத்துடுவாங்களா?' என்று அந்த மனிதர் ஒரு நாள் கோயில் வாசலில் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தீர்ப்புத் தொகையைக் கட்டுவது வழக்கமாகக் காப்புறுதி நிறுவனம்தான் என்று விளக்கினேன். சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் தரப்பின் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி கட்டாயம். அதற்கான அறிவிப்பைச் சரியான நேரத்தில் கொடுத்து, தீர்ப்பும் வாங்கிவிட்டால், அந்தத் தொகையைக் கொடுக்கும் கடமையைச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவு காப்புறுதி நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. அந்த அறிவிப்பை எங்கள் வழக்கறிஞர் வழக்கு பதியும் முன்பே அனுப்பி, கிடைத்ததற்கான முத்திரையையும் கோப்பில் வைத்தார்.

வண்டியின் நிலை சரியில்லை, எடை அதிகம், அதனால் காப்புறுதி செல்லாது என்று நிறுவனங்கள் சொல்லிப் பார்ப்பது உண்டு. அது காப்புறுதிக்காரருக்கும் லோரி முதலாளிக்கும் இடையிலான கணக்கு. வண்டியின் நிலை, ஏற்றிய எடை போன்ற நிபந்தனைகளைக் காட்டி மூன்றாம் தரப்புக்குத் தர வேண்டியதை நிறுத்தச் சட்டம் விடுவதில்லை.

சிட்டை

ஓட்டுநரின் முதல் வாக்குமூலம்: டயரில் சத்தம் கேட்டது, இறங்கிப் பார்க்க நிறுத்தினேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து மோதியது. நம்பக்கூடிய கதைதான். அது நின்றிருந்தால் பெரும்பங்கு பொறுப்பு இறந்தவர் மேல் போயிருக்கும்.

ஆனால் குலை லோரி எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தீம்பாரில், அதாவது மரங்கள் நிற்கும் தோட்டப் பகுதியில், குலை ஏற்றி முடிந்ததும் சிட்டை எழுதுவோம். லோரி எண், தீம்பார் எண், குலை எண்ணிக்கை, ஏற்றி முடித்த நேரம். ஒரு பிரதி ஓட்டுநருக்கு, ஒன்று ஆலைத் தராசுக்கு, ஒன்று ஆபீசில் நிற்கும். வெட்டிய குலை அதிக நேரம் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் போய்விடும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போவது நல்லது. காய்ப்பு அதிகமான மாதங்களில் ஆலை வாசலில் நீண்ட வரிசை. நடைக் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநர் காலையில் முதல் ஆளாகத் தராசு ஏறினால் அன்றைக்கு ஒரு நடை கூடுதலாக அடிக்கலாம். அதனால் முதல் நாள் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு, இரவே போய்ச் சாலையோரத்தில் இடம் பிடித்து, வண்டிக்குள்ளேயே தூங்கிவிடுவார்கள். பேட்டரி இறங்காமல் இருக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். வருடக்கணக்காக நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன். அவர் தோட்ட ஆபீசுக்கும் ஆலைக்கும் சப்பீனா, அதாவது ஆவணம் கேட்கும் நீதிமன்ற அழைப்பாணை, அனுப்பினார். சிட்டையில் ஏற்றி முடித்த நேரம் முதல் நாள் மாலை 6.40. தோட்டத்திலிருந்து ஆலை நான்கு கிலோமீட்டர்தான். விசாரணையில் அந்தத் தாளைக் காட்டி வழக்கறிஞர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'அண்ணே, அன்னிக்கு ராத்திரி எங்க தூங்குனீங்க?' ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், 'வண்டியிலதான்' என்றார். பொய் சொல்லித் தொடர அவருக்கு மனம் வரவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

555 புத்தகம்

பொறுப்பு யாருடையது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் எங்கள் உழைப்பு அதிகம் போனது. மரண வழக்கில் தொகையைக் கணக்கிடும் முறை 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அதில் நல்ல மாற்றங்கள் வந்தன. முன்பு 55 வயதை எல்லையாக வைத்தார்கள், இப்போது 60. இறந்தவருக்கு முப்பது வயதோ அதற்குக் கீழோ என்றால் 16 ஆண்டு வருமானத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் 59 வரை என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். இவருக்கு 38. மிச்சம் 22, பாதி 11. பதினோரு ஆண்டு, அதாவது 132 மாதம். பழைய சட்டமாக இருந்திருந்தால் எட்டரை ஆண்டு, 102 மாதம். உறவை இழந்த துக்கத்துக்காகத் தரும் துயர இழப்பீடும் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆக உயர்ந்தது.

சரி, 132ஐ எதனால் பெருக்குவது? மாத வருமானத்திலிருந்து அவர் தனக்காகச் செலவழித்ததைக் கழித்தால் வரும் தொகையால். இறக்கும்போது என்ன சம்பாதித்தாரோ அதுதான் கணக்கு; அடுத்த வருடம் மண்டோர் ஆகியிருப்பார், சம்பளம் ஏறியிருக்கும் என்பதெல்லாம் சேராது. அப்போது, 2022 மே 1 முதல், குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக இருந்தது. எடைக்கூலி சேர்த்து இவருடைய சம்பளச் சீட்டு சராசரி 1,650 காட்டியது. காப்புறுதித் தரப்பு அதோடு நிறுத்தப் பார்த்தது.

அவர் உண்மையில் கொண்டுவந்தது அதைவிட அதிகம். சனி, ஞாயிறுகளில் பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவரின்) சிறு தோட்டத்தில் குலை வெட்டுவார், மாதம் சுமார் 500. எல்லாம் ரொக்கம். ரசீது கிடையாது. வருமானத்தை நிரூபிக்க வேண்டியது நாம்தான். வாயால் சொன்னால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

அந்தத் தங்கச்சி சமையலறை டப்பாவிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தது. நம் ஊரில் கடைக்கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம்தான். வாரா வாரம் புருஷன் கொடுத்த காசை எழுதி, எதற்குச் செலவானது என்றும் எழுதி வைத்திருந்தது. மகளின் டியூஷன், மாமியாரின் மருந்து, கொழுந்தனின் கல்லூரி பஸ். நான் பாக்சிக்கைப் பார்க்கப் போனேன். அவரும் ஒரு 555 வைத்திருந்தார், எத்தனை டன், எவ்வளவு கொடுத்தேன் என்று. இரண்டு புத்தகத்திலும் தேதியும் தொகையும் ஒத்துப்போயின. பாக்சிக் நீதிமன்றத்துக்கு வருவாரா என்று பயந்துகொண்டே கேட்டேன். 'அவன் என் தோட்டத்தில் ஏழு வருடம் வேலை செய்தான்' என்று மட்டும் சொன்னார். விசாரணை நாளில் சொங்கோ தொப்பி போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி இரண்டையும் ஏற்றார். வருமானம் 2,150. சொந்தச் செலவு 650 கழித்து, மாதம் 1,500. சீட்டை மட்டும் நம்பியிருந்தால் அது 1,000தான். இந்த 500 வெள்ளி வித்தியாசம் கடைசிக் கணக்கில் 46,200 ரிங்கிட் ஆனது. ஒரு வெள்ளிக்கு இரண்டு மூன்று கிடைக்கும் குட்டிப் புத்தகம்.

ஈமச் செலவு உண்மையில் 8,400 ஆகியிருந்தது. ரசீது இருந்தது 6,000க்கு. 6,000தான் கிடைத்தது.

கெடு

நாங்கள் 2024 ஜனவரியில் வழக்குப் பதிந்தோம், இறந்து பதினான்கு மாதத்தில். இதை எழுதக் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் காயம்பட்டவர் வழக்குப் போட ஆறு ஆண்டு கெடு. அதைக் கேள்விப்பட்டவர்கள் மரணத்துக்கும் ஆறு ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சார்ந்தோர் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பம் மூன்று வருடம் இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் போய் வெறுங்கையோடு திரும்பியது. மோதியது அரசாங்க வண்டி என்றால் காயத்துக்கும் முப்பத்தாறு மாதம்தான்.

தீர்ப்பு

வாகன விபத்து வழக்கை, தொகை எவ்வளவு பெரிதானாலும், செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். விசாரணைக்கு முன்னால் காப்புறுதித் தரப்பு 80,000 ரிங்கிட் கொடுத்து முடிக்கப் பார்த்தது. பொறுப்பு ஆளுக்குப் பாதி, வருமானம் சம்பளச் சீட்டுப்படி மட்டும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினார்கள். மாமியார் வாங்கிவிடலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருப்பது கடன் மட்டும்தானே. அந்தத் தங்கச்சி ஒரே கேள்வி கேட்டது: 'பாதித் தப்பு அவருடையதுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?' வழக்கறிஞர், கட்டாயம் இல்லை அக்கா, ஆனால் விசாரணைக்குப் போனால் இதைவிடக் குறையவும் வாய்ப்பு உண்டு என்று மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. விசாரணைக்குப் போக முடிவு செய்தார்கள்.

2025இல் தீர்ப்பு. அந்த ஆண்டு மே 13ஆம் தேதிதான் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும் மோதி ஒன்பது போலீசார் இறந்தார்கள். நாடே லோரி நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிப் பேசியது. எங்கள் வழக்கு அந்த அளவுக்குப் பெரிதல்ல, பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை.

நீதிபதி லோரித் தரப்பு 70 விழுக்காடு, இறந்தவர் 30 விழுக்காடு பொறுப்பு என்றார். இருட்டுச் சாலையில் விளக்கில்லாமல், முக்கோணம் வைக்காமல், தாருக்குள் சக்கரம் நீட்டி இரவெல்லாம் நிறுத்தியது பெரிய தவறு. ஆனால் நேர்ச் சாலை, மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிந்தது, கவனமாக வந்திருந்தால் கொஞ்சமாவது விலகியிருக்கலாம் என்பது மற்றது. அந்த 30 அந்தத் தங்கச்சிக்கு வலித்தது. எனக்கும்தான். ஆனால் தோட்டத்துச் சாலையில் எத்தனை வருடம் போய்வந்த ஆளாக இருந்தாலும் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை.

மாதம் 1,500 வீதம் 132 மாதத்துக்கு 198,000. துயர இழப்பீடு 30,000. ஈமச் செலவு 6,000. மொத்தம் 234,000. அதில் 30 விழுக்காடு கழித்து 163,800 ரிங்கிட், வட்டியும் வழக்குச் செலவும் தனி. காப்புறுதி நிறுவனம் மேல்முறையீடு செய்யாமல் கட்டியது. பெர்கேசோ உதவித்தொகை தொடர்ந்து வருகிறது.

தொகை மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று பிரிக்கப்பட்டது. பிள்ளைகளின் பங்கு, அவர்களுக்குப் பதினெட்டு வயதாகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பில் இருக்கும். தம்பிக்கு ஒன்றும் இல்லை. கல்லூரிக் கட்டணம், பஸ் காசு, சாப்பாடு என எல்லாம் அண்ணன்தான் கொடுத்து வந்தார், 555 புத்தகத்தில் வாரா வாரம் அவன் பெயர் இருக்கிறது. ஆனால் 7ஆம் பிரிவு மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளைத்தான் சார்ந்தோர் என்கிறது. 2019 திருத்தம் இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்தது. கூடப்பிறந்தவர்களைச் சேர்க்கவில்லை. அந்த உறைப் பணத்தை வாங்க விடாமல் அண்ணியின் கையைப் பிடித்தவன் அவன்தான்.

பணம் வந்து இரண்டு வாரம் கழித்து அந்தத் தங்கச்சி வீட்டுக்கு வந்தது. தன் பங்கிலிருந்து கொழுந்தனின் கடைசி இரண்டு தவணைக் கட்டணத்தைக் கட்டியிருந்தது. கல்லூரி ரசீதை நீட்டி, 'இதையும் எடுத்து வைக்கணுமா, கிராணி அண்ணே?' என்று கேட்டது.

'வைம்மா' என்றேன்.